புல்லட் சாமியும் துணிக்குதிரையும்: மாமாவோடு தார்ப் பாலைவனத்தில்

என் தாய்மாமாவுக்குத் திண்டுக்கல்லில் புல்லட் பட்டறை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, லேசாகச் சர்க்கரை உண்டு, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ராஜஸ்தான் என்றால் அவருக்குக் கோட்டையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. ஜோத்பூர் பக்கம் ஒரு புல்லட்டைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று பட்டறைக்கு வந்த யாரோ செல்போனில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து, "மாப்ள, அங்க ஒரு தடவ போயிட்டு வந்துரணும்" என்பதே பேச்சு. என் அத்தைக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "பட்டறையிலதான் நாள் பூரா புல்லட்டப் பாக்குறாரு, அங்கயும் போயி அதையேதான் பாக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

போவது என்று முடிவானதும் நான் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். கோட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, சாலையோரத்தில் இருக்கும் விநோதங்களை மட்டும் புள்ளி வைத்தேன். பிறகு புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் ஜோத்பூரில் தொடங்கி பிகானேர், பலோதி, ஜெய்சல்மேர் வழியாகத் திரும்ப ஜோத்பூருக்கே வரும் அழகான வட்டம் கிடைத்தது. பாலைவனத்தில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு இந்த முறையைத்தான் சொல்வேன். அங்கே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் முள்மரமும் மணலும்தான். நடுவில் இறங்கிப் பார்க்க ஏதாவது இருந்தால்தான் ஓட்டுபவருக்குத் தூக்கம் கலையும், வயதானவருக்குக் கால் நீளும்.

காலம் பற்றி இரண்டு பேச்சு வேண்டாம்: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நாங்கள் தங்கிய பலோதியில் 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் பதிவானது, இந்தியாவிலேயே அதுதான் உச்சம். குளிர்காலத்தில் பகல் சுகமாக இருக்கும். ஆனால் ராத்திரி பல்லைக் கிட்டவைக்கும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

வண்டியை ஜோத்பூரில் எடுத்தோம். ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டும் வாடகைக் கார். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையாகப் பதிவு செய்த வாடகை வண்டி. வெள்ளை பிளேட் சொந்த வண்டியை மலிவாகத் தருகிறேன் என்று வருபவர்களிடம் எடுத்து, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். மாமா வண்டியைச் சுற்றிவந்து முதலில் பார்த்தது டயர். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்பது கணக்கு. பட்டன், அதாவது தரையில் பதியும் வரிகள், நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடப் பழைய டயர் சூட்டில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்பது மாமாவின் கட்சி. முதலில் காட்டிய வண்டியை வேண்டாம் என்றார். இரண்டாவது வண்டியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து, ஜாக்கி வேலை செய்கிறதா, ஸ்பானர் நட்டில் சரியாக உட்காருகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்தார். வாடகைக்காரர்களுக்கு முகம் சுருங்கியது. அப்புறம் மாமாவே என் கையில் போனைக் கொடுத்து, வண்டியை நாலா பக்கமும், குனிந்து பம்பருக்கு அடியிலும் வீடியோ எடுக்கச் சொன்னார்.

ஓம் பன்னா கோயில் ஜோத்பூரிலிருந்து பாலி போகும் வழியில், சுமார் 50 கிலோமீட்டரில், தேசிய நெடுஞ்சாலை 62-இன் ஓரத்திலேயே இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோட்டிலா கிராமத்தைச் சேர்ந்த ஓம் சிங் ராத்தோர் என்ற இளைஞர், 1980-களின் கடைசியில் ஒரு ராத்திரி புல்லட்டில் வரும்போது இங்கே மரத்தில் மோதி இறந்துபோனார். போலீஸ் வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனது. மறுநாள் காலை வண்டி விபத்து நடந்த இடத்தில் நின்றதாம். டேங்கைக் காலி செய்து சங்கிலி போட்டுக் கட்டினார்களாம். அப்படியும் திரும்பி வந்துவிட்டதாம். அதன்பிறகு அங்கேயே வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று அந்த புல்லட் 350 கண்ணாடிக் கூண்டுக்குள் மாலையோடு நிற்கிறது. நம்பர் ஆர்.என்.ஜே. 7773. பக்கத்தில் அந்த மரம், உடம்பு முழுக்க வளையலும் சிவப்புக் கயிறும். போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோயிலைச் சுற்றி வரிசையாகக் கடைகள். படையல் என்ன தெரியுமா? சாராய பாட்டில்.

மாமா அதைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. "நம்ம முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கிறதில்லையா, அதேதான்" என்றார். அகாலத்தில் செத்தவரைச் சாமியாக்குவதும் நமக்குப் புதிதல்ல. நடுகல்லில் தொடங்கி எத்தனை குலதெய்வங்களின் கதை அப்படித்தான் இருக்கிறது. அவர் கவனமெல்லாம் கண்ணாடிக்குள் இருந்த வண்டியில். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு பக்கம் பார்த்தார், சுற்றிப்போய் மறுபக்கம் பார்த்தார். "வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு. அந்தக் காலத்து வண்டிடா. திருவொற்றியூர் பேக்டரியில பொறந்தது." அந்த நாளில் புல்லட் எல்லாம் சென்னைத் திருவொற்றியூரில்தான் தயாராயின. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கிலாந்துக்காரர்கள் தொடங்கிய கம்பெனி அது. ராஜஸ்தான் முழுக்கக் கும்பிடும் சாமி நம்மூர்ப் பிறவி என்பதில் மாமாவுக்குத் தாங்க முடியாத பெருமை. அங்கிருந்த பூசாரியிடம் இதைச் சொல்லச் சொன்னார். நான் அரைகுறை இந்தியில் சொன்னேன். பூசாரி மரியாதைக்குத் தலையாட்டினார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமா யோசனையில் இருந்தார். "டேங்கக் காலி பண்ணாலும் கார்புரேட்டர் கிண்ணத்துல கொஞ்சம் பெட்ரோல் நிக்கும் மாப்ள. ஆனா அத வச்சு அரைக் கிலோமீட்டர் தாண்டாது" என்றார். அப்படியானால் எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். "அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று எழுந்து மறுபடி உள்ளே போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். புது ஸ்பார்க் பிளக். திண்டுக்கல்லிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், என்னிடம் மூச்சுவிடவில்லை. பூசாரி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாமந்தி மாலைகளுக்கு நடுவே வைத்தார். மற்ற பாட்டில்களோடு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று: ஞாயிறும் விசேஷ நாளும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பிரசாதம் என்று சாராயத்தை நீட்டுபவர்களிடம் ஓட்டுபவர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், யாரும் கோபிப்பதில்லை.

இதே 62-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி, ஜோத்பூர், நாகௌர் தாண்டினால் பிகானேருக்கு 30 கிலோமீட்டர் முன்னால் தேஷ்னோக். தெய்வமாகக் கும்பிடப்படும் கர்ணி மாதா என்ற பெண் துறவியின் கோயில், எலிகளின் கோயில். வெள்ளிக் கதவு, பளிங்கு முகப்பு எல்லாம் பிகானேர் மகாராஜா கங்கா சிங் காலத்து வேலை. உள்ளே ஆயிரக்கணக்கில் எலிகள், பெரிய வட்டத் தட்டில் பாலைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கின்றன. பருந்து தூக்கிவிடாமல் இருக்க முற்றத்துக்கு மேலே வலை கட்டியிருக்கிறார்கள். கர்ணி மாதாவின் வம்சத்தார் இறந்ததும் எலியாகப் பிறந்து, மறுபடி மனிதராகப் பிறப்பார்கள் என்பது நம்பிக்கை. வெள்ளை எலி கண்ணில் பட்டால் யோகம்.

மாமாவுக்கு இங்கேதான் சோதனை. பட்டறைக்காரர்களுக்கு எலி என்றால் ஜென்ம விரோதி, வயரிங்கை எல்லாம் கடித்துவிடும். "என் பட்டறையில எத்தன வண்டி வயரத் தின்னுருக்கு, இதுக்குத் தட்டுல பாலா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு எலி அவர் பாதத்தின் மேல் ஏறி ஓடியதும் பக்கத்தில் நின்ற பாட்டி கையெடுத்து, பாக்கியசாலி என்பது போல ஏதோ சொன்னார். மாமா கல்லாகச் சமைந்து நின்றார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் காரின் பானெட்டைத் திறந்து வயர்களைப் பார்த்தார்.

செருப்பில்லாமல்தான் போக வேண்டும். தரை பாலும் லட்டுத் தூளும் எலிப்புழுக்கையுமாகப் பிசுபிசுக்கும். பழைய சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், வெளியே வந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் எலி மிதிபடாது. மிதித்துக் கொன்றுவிட்டால் வெள்ளியில் எலி செய்து காணிக்கை வைக்க வேண்டும் என்பது அங்கத்து வழக்கம். குழந்தைகளையும் ஆறாத புண் உள்ளவர்களையும் கூட்டிப்போக வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் பாதத்தில் வெடிப்பு, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாமா காலை நான் முந்தின ராத்திரியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

பிகானேரில் 1984-இல் தொடங்கிய ஒட்டக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒட்டகப் பால் ஐஸ்கிரீம் கிடைக்கும். லேசாக உப்புச் சுவை, ஒரு கப்புக்கு மேல் போகவில்லை.

அடுத்தது கீச்சன், பலோதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். மங்கோலியா பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் கொக்கு இனப் பறவைகளுக்கு ஊர்க்காரர்களே தினமும் தானியம் போடுகிறார்கள். குர்ஜா என்கிறார்கள் அந்தப் பறவையை. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம். ஜைனக் குடும்பங்கள் தொடங்கிவைத்த பழக்கம், இன்று ஊரின் அடையாளமாகிவிட்டது. தானியம் இறைப்பதற்கென்றே வேலி போட்ட மைதானம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். முதலில் சத்தம்தான் வரும். வரிசை வரிசையாக வந்து, வேலிக்கு மேலே வட்டமடித்து, ஒன்று இறங்கியதும் மற்றவை மடமடவென்று இறங்கும். அரை மணி நேரத்தில் மைதானத்தில் தரையே தெரியவில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்க்க அனுமதித்தார்கள். வேலிக்கு நெருங்கிப் போய் போனை நீட்டுகிறவர்களால்தான் பறவை கலைகிறது. இதற்காகவே பலோதியில் ராத்தங்கல் போட்டோம். அறை சுமார்தான். ஆனால் ஜெய்சல்மேரிலிருந்து அதிகாலையில் ஓட்டிக்கொண்டு வந்து இதைப் பார்க்க நினைத்தால் மாடும் நீலான் மானும் குறுக்கே வரும் இருட்டுச் சாலையில் வர வேண்டியிருக்கும். நாங்கள் சூரியன் மறைந்ததும் வண்டியை எடுப்பதே இல்லை என்று வைத்திருந்தோம். பாலைவனத்தில் ராத்திரி ஒட்டகம் வந்தால் ஹெட்லைட்டில் நான்கு கால் மட்டும்தான் தெரியும், உடம்பு கண்ணாடி உயரத்தில் இருக்கும்.

பலோதியிலிருந்து பொக்ரானுக்குப் போகும் வழியில் ராம்தேவ்ரா. அந்த ஊர் எனக்குக் கணக்கிலேயே இல்லை, கடைகளில் தொங்கிய துணிக்குதிரைகளைப் பார்த்து மாமாதான் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். கைக்கு அடக்கமாகவும் இருக்கிறது, ஆள் உயரத்துக்கும் இருக்கிறது. ஜிகினா ஒட்டி, கண்ணுக்குக் கறுப்புத் துணி தைத்து. ராம்தேவ்ஜிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்துவதாம். இந்துக்களுக்கு ராம்தேவ்ஜி, முஸ்லிம்களுக்கு ராம்சா பீர், இரண்டு பேரும் வருகிறார்கள். ஆவணி வாக்கில் திருவிழா, குதிரையைத் தோளில் சுமந்து நடந்தே வருவார்களாம். நம் அய்யனாருக்கு மண்குதிரை, இங்கே துணிக்குதிரை. மழையில்லாத ஊரில் துணி நனைய வாய்ப்பில்லை என்று மாமா காரணம் கண்டுபிடித்தார். சின்னதாக ஒன்று வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.

பொக்ரானில் பார்க்க ஒன்றும் இல்லை. 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்த இடம் ராணுவக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பொதுமக்கள் போக முடியாது. 98 சோதனைக்கு முன் அப்துல் கலாம் ராணுவச் சீருடையில், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற பெயரில் இங்கே நடமாடியிருக்கிறார். அதற்காகவே மாமா அங்கே நிறுத்தி ஒரு டீ குடிக்க வேண்டும் என்றார், குடித்தோம். இங்கிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் பாதரியா கோயில் வளாகத்தில் பூமிக்கு அடியில் ஒரு நூலகம். சாமியார் ஒருவர் சேர்த்த லட்சக்கணக்கான புத்தகங்கள் என்கிறார்கள். கண்ணாடி அலமாரிகள் நீள நீளமாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, படிக்கிற ஆளைத்தான் காணோம். வெளியே வெயில் கொதிக்கும்போது உள்ளே ஜில்லென்று இருந்தது.

ஜெய்சல்மேர் கோட்டை பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் அகல் கல்மரப் பூங்காவுக்கு மட்டும் போங்கள். 18 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன, இரும்புக் கூண்டுக்குள். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று புரியும். இவை அவற்றைவிடப் பல கோடி ஆண்டு மூத்தவை. இன்று ஒரு நல்ல நிழல் மரம் இல்லாத இடத்தில் ஒரு காலத்தில் பெருங்காடு இருந்திருக்கிறது. பேய் ஊர் என்று விளம்பரப்படுத்தும் குல்தாராவை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போன ஊர், வரலாறு சுவாரசியம்தான். ஆனால் இன்று ரீல்ஸ் எடுப்பவர் கூட்டம் தாங்கவில்லை.

ஜெய்சல்மேரிலிருந்து பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் தனோட் மாதா கோயில் சுமார் 120 கிலோமீட்டர். ராம்கட்டைத் தாண்டினால் சாலை நேர்க்கோடு, ஆள் அரவமே கிடையாது, போனில் சிக்னல் வந்து வந்து போகும். ஜெய்சல்மேரிலேயே டேங்க்கை நிரப்பி, வரைபடத்தை இறக்கி வைத்து, இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் பின்னால் போட்டுக்கொண்டுதான் கிளம்பினோம். கோயிலை நடத்துவது எல்லைப் பாதுகாப்புப் படை. பூசையும் ஜவான்களே. 1965 போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வேண்டிக்கொண்டு கைக்குட்டை கட்டுவது இங்கத்து வழக்கம், ஒரு சுவர் முழுக்கக் கைக்குட்டை.

அங்கிருந்து லோங்கேவாலா. 1971 டிசம்பரில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் சுமார் 120 பேர் ராத்திரி முழுக்கப் பாகிஸ்தான் டாங்கிகளைத் தடுத்து நிறுத்திய இடம். விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்து டாங்கிகளை நொறுக்கின. மாமா ஒரு டாங்கியின் சங்கிலிச் சக்கரத்தை நெடுநேரம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு குஜராத்திக் குடும்பம். போட்டோ எடுக்கச் சாலையை விட்டு இறங்கியிருக்கிறார்கள், காரின் முன்சக்கரம் பாதி மணலில் புதைந்துவிட்டது. ஓட்டியவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா இறங்கி நேராகப் போய் சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு தமிழிலேயே உத்தரவுகள். எல்லோரும் இறங்கியாயிற்று. சக்கரத்தின் முன்னாலும் பின்னாலும் கையால் மணலை அள்ளிச் சரிவாக வழி செய்தார்கள். டயரில் காற்றைப் பாதியாக இறக்கினார், பதினாறு பதினேழு பி.எஸ்.ஐ.-க்கு வரும்வரை. காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படுத்து மணலைப் பிடிக்கும். கால்மிதி விரிப்பைச் சக்கரத்துக்குக் கீழே செருகி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாம் கியரில் மெதுவாக எடுக்கச் சைகை காட்டினார். நாங்கள் தள்ளினோம். வந்த தடத்திலேயே வண்டி பின்வாங்கியிருந்தால் இன்னும் சுலபம், ஆனால் பின்னால் குத்துச்செடி. மூன்றாவது தள்ளலில் வெளியே வந்தது. சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்னக் காற்றடிக்கும் மோட்டார் நாங்கள் வைத்திருந்ததால் மறுபடி காற்று ஏற்றிக்கொடுத்தோம். அது இல்லாமல் காற்றை இறக்கினால் அடுத்த ஊர்வரை நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த வீட்டம்மா ஒரு டப்பா தேப்லாவை, அவர்கள் ஊர் வெந்தயக்கீரைச் சப்பாத்தியை, திணித்துவிட்டார். மாமாவுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த சாப்பாடு அதுதான்.

சாப்பாட்டைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. தாபாக்களில் பருப்போடு நெய் சொட்டும் சுட்ட கோதுமை உருண்டை வரும் தால் பாட்டி, கேர் சாங்ரி என்று முள்மரக் காயும் காட்டுப் பழமும் சேர்த்த பொரியல், கம்பு ரொட்டி எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் சோறு கிடைப்பது அரிது. சர்க்கரை மாத்திரை போட்டவர் அடுத்த தாபா வரட்டும் என்று காத்திருந்தால் தலைசுற்றும். வறுத்த கடலை, பழம், பிஸ்கட் முன்சீட்டிலேயே இருக்கட்டும். மாமா பருப்புப்பொடி கொண்டுவந்திருந்தார், கம்பு ரொட்டிக்கு அது அருமையான ஜோடி.

ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் சுமார் 285 கிலோமீட்டர், நல்ல சாலை. நடுவில் ஒரு வேலமுள் பஞ்சர். பஞ்சர் கடைக்காரருக்கும் மாமாவுக்கும் பேச மொழியே தேவைப்படவில்லை. பிளக், வால்வு, ரிம், பஞ்சர் என்று இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். கடைக்காரர் தன் பழைய புல்லட்டை வெளியே தள்ளிக்கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து காட்டினார். மாமா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஸ்க்ரூட்ரைவர் வாங்கி ஐட்லிங்கைக் கால் திருப்புத் திருப்பினார். சத்தம் மாறியது. பஞ்சருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் அந்த மனிதர்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாடகைக்காரர்கள் எதிர்பார்த்தபடியே பம்பரின் அடியில் ஒரு கீறலைக் காட்டி முன்பணத்தில் கழிக்கப் பார்த்தார்கள். முதல் நாள் எடுத்த வீடியோவைத் திறந்து, அதே கீறல் வரும் இடத்தில் நிறுத்திக் காட்டினேன். பணம் முழுதாக வந்தது. மாமா அதற்குள் அவர்களின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இடது முன்சக்கர பேரிங் முனகுகிறது, அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் மாற்றிவிடு என்று கையால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.